தமிழ் மண்ணில் உயிர்த்தெழுதல்

புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு ஒரு கேள்வி பிந்தியேனும் வந்தே தீரும். வீட்டில் மூத்தவர் ஒருவர் கண்ணை மூடினால் அவரை எங்கே கொண்டு சேர்ப்பது என்பதே அக்கேள்வி. பிறந்த ஊருக்கா, பிழைக்க வந்த ஊருக்கா? ஆனைகட்டியைக் கடந்து அட்டப்பாடிக்கு வந்தவர்களும், போடிமெட்டு ஏறி இடுக்கி மலைகளுக்கு வந்தவர்களும் தலைமுறை தலைமுறையாக இக்கேள்வியைச் சந்தித்து வந்துள்ளனர். இறந்தவரின் உடல் இனி எதற்கு என்று கேட்பவர்கூடத் தம் தாயின் உடலைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டு வர இசைய மாட்டார். உடலை விட்டு உயிர் போயிற்று என்பதை அறிவு ஏற்றுக்கொள்கிறது. அன்பு ஏற்க மறுக்கிறது.

இந்த மறுப்பினுள்ளே ஓர் உண்மை உண்டு என்று சொல்லும் கோட்பாடே கிறித்தவ சமயத்தின் உயிர்த்தெழுதல். அதனை வானுலகைப் பற்றிய செய்தியாகவே பலரும் கருதுகின்றனர். ஆனால் மண்ணுக்குள் வைக்கப்படும் உடலை எவ்வாறு மதிப்பது என்பதைப் பற்றியும் அக்கோட்பாடு பேசுகிறது. நம் நாட்டில் அது சமய வாதங்களில் சோதிக்கப்பட்டதைவிட இடுகாடுகளில் சோதிக்கப்பட்டதே மிகுதி. அவ்வரலாற்றை ஒருவாறு தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம்பிக்கையின் உட்பொருள்

கி.பி. 30-ஆம் ஆண்டை ஒட்டி, உரோமை ஆளுநன் பிலாத்துவின் காலத்தில், இயேசு எருசலேமில் சிலுவையில் அறையப்பட்டு இறந்தார். கல்லறை ஒன்றில் அடக்கம் செய்யப்பட்டார். மூன்றாம் நாள் விடியற்காலையில் அங்கே சென்ற பெண்களே கல்லறை வெறுமையாய் இருப்பதை முதலிற் கண்டனர் என்று நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. மகதலா ஊரைச் சேர்ந்த மரியாள் எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என எண்ணினாள். அவர் தன் பெயரைச் சொல்லி அழைத்த பின்னரே அடையாளம் கண்டாள். சீடர்கள் ஆவியைக் கண்டதாக அஞ்சியபோது அவர் மீன் துண்டு ஒன்றை வாங்கி அவர்கள் முன்னிலையில் உண்டார். தோமா ஐயுற்றபோது தம் கைகளில் இருந்த ஆணித் தழும்புகளைக் காட்டினார்.

இந்நிகழ்ச்சிகளில் ஒரு செய்தி அடிநாதமாக ஒலிக்கின்றது. எழுந்தவர், இறந்த அதே ஆள். அவருக்குப் பெயரிட்டு அழைக்கும் நினைவு உண்டு. பட்ட துன்பத்தின் வடுவும் உண்டு. எனினும் அவர் பழைய வாழ்வுக்கே திரும்பிவிடவில்லை. இயேசுவே எழுப்பியதாகக் கூறப்படும் பெத்தானியா ஊர் இலாசர் மீண்டும் ஒருநாள் இறக்க வேண்டியவர். இயேசுவின் உயிர்த்தெழுதலோ மரணத்துக்கு அப்பாற்பட்டது என்பது கிறித்தவர் கொள்கை.

கி.பி. 50-களின் நடுவில் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய மடலில் தூய பவுல் இதனை ஓர் உழவனும் விளங்கிக்கொள்ளுமாறு விளக்கினார். விதைப்பது ஒரு தானியமணி, முளைப்பது பயிர். இரண்டும் தோற்றத்தில் வேறு. ஆயினும் விதையில்லாமல் அப்பயிர் இல்லை. கிறித்து எழவில்லையென்றால் தம் சமயமே வெறுமை என்று அவர் எழுதவும் தயங்கவில்லை. கிறித்து எழுந்தது தமக்காக மட்டுமன்று, அறுவடையின் முதற்கதிரைப்போல் மற்றெல்லாருக்கும் முன்னோடியாக எழுந்தார் என்பது அவர் கருத்து.

கிரேக்க நாட்டில் இது எளிதில் எடுபடவில்லை. உடலைச் சிறையாகவும் உயிரை அதிலிருந்து விடுபடும் கைதியாகவும் எண்ணிய சிந்தனை அங்கே வேரூன்றியிருந்தது. ஏதென்சு நகரில் பவுல் இறந்தோர் எழுதலைப் பற்றிப் பேசியபோது சிலர் நகைத்தனர். விடுதலை பெற்ற கைதி எதற்காகச் சிறைக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்களின் வியப்பாக இருந்திருக்கலாம்.

தமிழ் உள்ளமும் புதிய செய்தியும்

தமிழகத்துக்கு இச்செய்தி வந்தபோது இங்கு நிலவிய சூழல் வேறு. இறந்தோரை மண்ணில் வைத்துப் போற்றுதல் நமக்குப் பழைய வழக்கம். பொருநைக் கரையில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த முதுமக்கள் தாழிகள் அதற்குச் சான்று. கணவனை இழந்த பெண்ணொருத்தி, தன்னையும் உடன்கொள்ளுமாறு தாழியைப் பெரிதாக வனையக் குயவனை வேண்டும் காட்சியைப் புறநானூறு காட்டுகிறது. அட்டப்பாடி மலைகளில் வாழும் இருளர் மக்களும் இறந்தோரைப் புதைக்கும் வழக்கமுடையவரே.

இறந்தவர் எழுந்த வரலாறுகளும் நமக்குப் புதியவை அல்ல. கோவைக்கு அணித்தாயுள்ள அவிநாசியில், முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் ஆண்டுகள் கழித்து மீட்ட வரலாற்றைப் பெரியபுராணம் பேசுகிறது. மயிலையில் பூம்பாவையைச் சம்பந்தர் எழுப்பியதும், திங்களூரில் அப்பூதியடிகளின் மைந்தனை நாவுக்கரசர் எழுப்பியதும் சைவ உலகம் நன்கறிந்தவை.

ஆகவே, இறந்தவர் எழுந்தார் என்பதில் தமிழர்க்குப் பெருந்தடை இல்லை. தடையாக இருந்தது வேறொன்று. பிறவிச் சுழற்சி பற்றிய ஆழ்ந்த நம்பிக்கையே அது. வள்ளுவப் பெருந்தகை நிலையாமை அதிகாரத்தில் சாவை உறக்கத்துக்கும், பிறப்பை உறங்கி விழித்தலுக்கும் ஒப்பிட்டார். கிறித்தவரும் சாவை உறக்கம் என்றே அழைத்தனர். இடுகாட்டுக்கு அவர்கள் வழங்கிய கிரேக்கச் சொல்லின் பொருளே துயிலிடம் என்பதாகும். உவமை ஒன்றாயினும் விழிப்பு வேறு. குறளின் விழிப்பு மீண்டும் ஒரு பிறப்பு. கிறித்தவரின் விழிப்பில், துயின்றவரே தம் பெயரோடும் தம் உறவோடும் எழுகிறார்.

இவற்றுள் எது உயர்ந்தது என வழக்காடுதல் இக்கட்டுரையின் வேலையன்று. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டால் இரண்டின் பெருமையும் தெரியாமற் போகும். மறுபிறப்புக் கொள்கை வினையின் தொடர்ச்சியை விளக்குகிறது. உயிர்த்தெழுதற் கொள்கை ஆளின் தொடர்ச்சியை வலியுறுத்துகிறது.

சொல் பிறந்த கதை

இத்தகைய நுட்பமான கருத்தை எந்தச் சொல்லால் சொல்வது? 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த தூய சவேரியார், தமிழும் அறிந்த உள்ளூர் மக்கள் சிலரைத் துணையாகக் கொண்டு செபங்களையும் விசுவாச அறிக்கையையும் தமிழில் ஆக்குவித்தார். பின் கையில் மணியுடன் தெருத்தெருவாய்ச் சென்று சிறுவர்களைக் கூட்டி, அவற்றை மனப்பாடம் செய்வித்தார். அவ்வறிக்கையின் இறுதியில் வருவது உடலின் உயிர்த்தெழுதல். கடலில் மூழ்கி முத்தெடுத்த பரதவர்க்கு, உடலைக் கடலிடம் பறிகொடுப்பது அன்றாட அச்சம். அவர்கள் நாவில் அத்தொடர் எத்தகைய ஆறுதலாய் அமைந்திருக்கும் என எண்ணிப் பார்க்கலாம்.

1578-இல், இன்றைய கேரளத்துக் கொல்லத்தில், அண்டிறிக்கி அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறியது. இந்திய நாட்டில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. மலையாள மண்ணில் வாழும் நாம் பெருமையோடு நினைவுகூரத்தக்க செய்தி இது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். நற்செய்தி நூல்கள் 1714-இலும் முழுப் புதிய ஏற்பாடு 1715-இலும் அங்கே அச்சாயின.

கத்தோலிக்கர் நெடுங்காலம் 'உத்தானம்' என்ற வடசொல்லை வழங்கினர். சீர்திருத்தச் சபையாரிடையே 'உயிர்த்தெழுதல்' நிலைபெற்றது. பிற்காலத்தில் 'உயிர்ப்பு' என்பதும் வழக்கில் ஓங்கியது. இவற்றுள் 'உயிர்த்தெழுதல்' என்னும் சொல் ஊன்றி நோக்கத்தக்கது. உயிர்த்தல் என்பதற்கு மூச்சுவிடுதல் என்பது பழம்பொருள். எழுதல் என்பது கிடந்தவர் நிமிர்ந்து நிற்றல். கிடந்தவரே எழ முடியும். ஒருவர்க்காக இன்னொருவர் எழ முடியாது. பிறத்தற்கு வேறொரு தாய்வயிறு வேண்டும். எழுதற்குப் படுத்த இடமே போதும். பவுல் மடலில் பல பத்திகளில் விளக்கியதைத் தமிழ் தன் இரு வினைகளின் கூட்டால் விளங்க வைத்துவிட்டது.

ஐயுற்றவரும் அஞ்சாதவரும்

உயிர்த்தெழுதலோடு தொடர்புடைய இரு பெயர்கள் தென்னாட்டு வரலாற்றில் பதிந்துள்ளன. முதலாவது தோமையார். தழும்பைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றவர் அவர். அவரே இந்நாட்டுக்கு வந்து கி.பி. 72-இல் சென்னையை அடுத்த மலையில் உயிர் நீத்தார் என்பது மரபுவழிச் செய்தி. அவருடையதெனப் போற்றப்படும் கல்லறை மயிலையில் சாந்தோம் பேராலயத்தின் அடியில் உள்ளது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மக்கள் அவ்விடத்து மண்ணை எடுத்துச் சென்றதைக் குறித்துள்ளார். ஐயுற்றவரின் கல்லறையை நம்பிக்கையின் இடமாகக் கொண்டது நம் மண்.

மற்றவர் தேவசகாயம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்டவர்மர் ஆட்சியில் அரண்மனைப் பணியில் இருந்தார். 1741-இல் குளச்சற் போரில் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான டிலனாயிடம் கிறித்தவ சமயத்தைப் பற்றிக் கேட்டறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது அவருக்கு இடப்பட்ட பெயர் இலாசர். பெத்தானியாவில் கல்லறையினின்று எழுந்து வந்தவரின் பெயரே அது. கடவுள் துணை என்னும் அதன் பொருளைத் தழுவியே தேவசகாயம் என்னும் பெயர் அமைந்தது. சாதி வேறுபாடு பாராது அனைவரோடும் பழகிய அவர் சிறைப்பட்டுத் துன்புற்று, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15 அன்று உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இடையில் எழுந்த சுவர்

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் நிகழ்ந்ததை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. 1872-இல் அங்கு எழுந்த ஆலயம், பலிபீடத்தில் ஒன்றுகூடும் இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. ஒரு கிளை ஒரு பிரிவினர்க்கு, மற்றது மற்றவர்க்கு, இடையில் தடுப்பு. 1910-இல் பங்குத்தந்தை கௌசானல் அடிகளார் அத்தடுப்பை இடித்து நீக்கினார். அதனை எதிர்த்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது; சுவர் மீளவில்லை. சீர்திருத்தச் சபையிலும் இச்சிக்கல் இருந்தது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபையினர் உடனே முற்றிலும் கைவிட வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது.

உயிரோடு இருப்பவர்களுக்கிடையே எழுந்த சுவர் இறந்தவர்களுக்கிடையேயும் எழுந்தது. திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர் அடக்கமாகும் பகுதியைப் பிரித்து நின்ற சுவர், 21-ஆம் நூற்றாண்டிலும் போராட்டங்களுக்குக் காரணமாயிற்று.

உயிர்த்தெழுதலின் பொருளை இங்கேதான் கூர்ந்து நோக்க வேண்டும். உடல் வெறும் கழித்துப் போடும் சட்டை என்று கருதுபவர், அச்சட்டை எங்கே கிடந்தால் என்ன என்று சொல்லித் தப்பிவிடலாம். உடலோடு எழுவோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுபவர்க்கு அந்த வழியில்லை. சுவரின் இப்புறம் கிடப்பவரும் அப்புறம் கிடப்பவரும் ஒரே குரலுக்கு, ஒரே விடியலில் எழுவர் என்பது அவர்களே ஏற்றுக்கொண்ட கொள்கை. அச்சுவரைக் காப்பவர் தம் வாயால் சொன்னதைத் தம் கையால் மறுக்கிறார். கல்லறைச் சுவரை எதிர்த்தவர்கள் புதிதாய் எதையும் கேட்கவில்லை. விசுவாச அறிக்கையின் இறுதி வரியை மண்ணில் நடைமுறையாக்கக் கேட்டனர்.

மலைநாட்டில் துயில்வோர்

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். மூணாற்றின் கண்ணன் தேவன் மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் விரிந்தபோது, நெல்லை, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் கங்காணிகளுடன் மலையேறினர். அங்குள்ள கிறித்து ஆலயத்தின் வரலாறு நோக்கத்தக்கது. 1894 டிசம்பரில் தோட்ட மேலாளரின் இளம் மனைவி எலினர் நைட்டு வாந்திபேதியால் இறந்து, ஆலயத்துக்கு மேலுள்ள குன்றில் அடக்கமானார். ஆலயத்துக்கு 1910-இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே முதலில் தோன்றியது கல்லறை. அதன் பின்னரே கோயில். ஆங்கிலேயத் தோட்டக்காரர்க்கென எழுந்த அவ்வாலயத்தில் இன்று தமிழிலும் வழிபாடு நடைபெறுகிறது. அந்த அம்மையாரின் பெயர் கல்லில் நிற்கிறது. அதே மலைகளில் காய்ச்சலாலும் குளிராலும் மாண்ட தமிழ்த் தொழிலாளர் எத்தனையோ பேர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

2020 ஆகத்து 6-ஆம் நாள் இரவு, இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை மூடியது. எழுபது உயிர்கள் மடிந்தன. தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பகுதியை வேராகக் கொண்ட குடும்பங்கள் அவர்களுள் பல. அறுபத்தாறு உடல்கள் மீட்கப்பட்டன. பெரும்பாலோர் அம்மலையிலேயே பெருங்குழிகளில் அடுத்தடுத்து அடக்கம் செய்யப்பட்டனர். நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. மாண்டவர் எச்சமயத்தவராயினும், உடல்கூடக் கிடைக்கவில்லையே என்று அவர்தம் உறவினர் விடும் கண்ணீர் ஒன்றே.

உடல் கிடைக்காதவர் எவ்வாறு எழுவார் என்னும் கேள்வி கிறித்தவ உலகில் மிகப் பழையது. கி.பி. 177-இல், இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள இலியோன் நகரில் கிறித்தவர் பலர் கொல்லப்பட்டனர். அவர்கள் உயிர்த்தெழுவோம் என்று நம்பியதை அறிந்த பகைவர், உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்துவிட்டனர். இனி எழட்டும் பார்க்கலாம் என்பது அவர்தம் எண்ணம். எஞ்சிய கிறித்தவர் நம்பிக்கை இழக்கவில்லை. நடந்ததனைத்தையும் மடலாக எழுதித் தொலைவிலிருந்த சபைகளுக்கு அனுப்பினர். மண்ணிலிருந்து மனிதனை ஆக்கியவனுக்கு, சிதறிய மண்ணைத் திரட்டுவது அரிதன்று என்பதே பிற்கால அறிஞர் பலரும் அளித்த விடை. 1963-இல் கத்தோலிக்கத் திருச்சபை எரியூட்டலுக்கும் இசைவளித்தது. உடலைப் பேணுதல் மரியாதையின் பொருட்டே. கடவுளுக்கு உதவி செய்வதன் பொருட்டன்று என்னும் தெளிவு அதில் அடங்கியுள்ளது.

எனவே, இக்கொள்கை இரு பக்கமும் பேசுகிறது. உடல் கிடைத்தவர்க்கு, இதனை இகழாதே, சுவர் எழுப்பிப் பிரிக்காதே என்கிறது. உடல் கிடைக்காதவர்க்கு, அஞ்சாதே, உன்னவர் தொலைந்துபோகவில்லை என்கிறது. முன்னதை மறந்து பின்னதை மட்டும் பேசினால், இக்கொள்கை வெறும் ஆறுதல் மொழியாகச் சுருங்கிவிடும்.

முடிவாக

சில சபைகளில் உயிர்த்தெழுந்த ஞாயிறன்று இருள் பிரியுமுன்னரே மக்கள் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்கின்றனர். கத்தோலிக்கர் நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாளைக் கொண்டாடுகின்றனர். புல் செதுக்கி, வெள்ளையடித்து, மலர் சூட்டி, மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். இவ்விரு நாள்களிலும் பேர் தெரிந்த கல்லறைகளில் மட்டும் விளக்கு எரிகிறது. அருகில் புல் மூடிக் கிடக்கும் மேட்டிலும் ஒரு விளக்கை வைத்துவிட்டு வருவோர் உயிர்த்தெழுதலின் பொருளை நன்கு உணர்ந்தவர் ஆவர்.

பிறந்த ஊரா, பிழைக்க வந்த ஊரா என்னும் கேள்விக்கு எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. வழக்கம், வசதி, மூத்தோர் விருப்பம் ஆகியவற்றைப் பொறுத்தது அது. ஆயினும், பிற மண்ணில் தம்மவரை வைத்துவிட்டோமே என்று கலங்குபவர்க்கு இவ்வரலாறு ஒன்றைச் சொல்கிறது. எருசலேமிலிருந்து புறப்பட்ட தோமையார்க்கு மயிலை பிற மண். ஆலந்து நாட்டின் சார்பில் போரிட வந்த டிலனாய்க்கு அவர் துயிலும் உதயகிரிக் கோட்டை பிற மண். உழைத்த இடத்திலேயே அவர்களை மண் ஏற்றுக்கொண்டது. ஆனைகட்டியில் ஒரு சோதனைச் சாவடி இரு மாநிலங்களைப் பிரிக்கிறது. அதற்கு அப்பாலும் இப்பாலும் உள்ள மண்ணுக்கு அப்பிரிவு தெரியாது. நம்மவர் துயிலும் இடங்களைப் புதர் மண்ட விடாமலும், அவர்தம் பெயர்களை நம் மக்கள் மறக்க விடாமலும், யாரையும் சுவரின் அப்புறத்தில் வைக்காமலும் காப்பது நம் கையில் உள்ளது.